கம்ப்யூட்டர் போச்சு, ஃபைலும் போச்சா?

சுவிட்சைப் போட்டால் உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறது, கேபினட்டில் லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டர் இருக்கும் எந்த வீட்டுக்கும் இப்படி ஒரு நாள் வரத்தான் செய்யும். உடனே எழும் கேள்வி, "ஐயோ, அதுல இருந்த போட்டோ எல்லாம் போச்சா?" என்பதுதான். பெரும்பாலும் போயிருக்காது. கம்ப்யூட்டர் பழுதாவது வேறு, அதிலுள்ள ஃபைல்கள் அழிவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பதற்றம் பாதி குறையும். பதற்றத்தில் எதையாவது செய்து நாமே ஃபைல்களைத் தொலைப்பதும் குறையும்.

கேபினட்டுக்குள் மதர்போர்டு, பிராசசர், ராம், கரன்ட் தரும் எஸ்எம்பிஎஸ், அப்புறம் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் அல்லது அதன் புது வகையான எஸ்எஸ்டி இருக்கும். நீங்கள் சேமித்து வைத்த எதுவும் முதல் நான்கில் இல்லை. ராமில் இருப்பது வேலை நடக்கும்போது மட்டும் இருக்கும், கரன்ட் போனால் மறைந்துவிடும். கல்யாண போட்டோ, கணக்கு, பையனின் புராஜெக்ட் எல்லாம் டிஸ்கில்தான் இருக்கின்றன. மதர்போர்டே எரிந்துபோனாலும் டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் எல்லாம் அப்படியே இருக்கும்.

ஆகவே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் முதலில் பார்க்க வேண்டியது, டிஸ்க் போயிருக்கிறதா, இல்லை மற்றது ஏதாவதா என்பதைத்தான்.

டிஸ்க் அல்லாத பழுதுகள்

இவற்றில் சிலதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். திரை கறுப்பாகவே இருந்தால் முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில் செருகியிருக்க வேண்டும். அதைத் தவறிப்போய் மதர்போர்டில் செருகிவிட்டு, மெஷின் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

ஆன் செய்ததும் பீப் பீப் என்று விடாமல் கத்தினால் ராம் மீது சந்தேகப்படலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு, ராமின் இரு பக்கமும் உள்ள கொக்கியைத் தள்ளினால் பட்டை கையோடு வரும். அதன் அடியில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் தூளைத் தட்டிவிட்டு, கொக்கி 'டிக்' என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் இந்த ஒரு வைத்தியத்திலேயே உயிர் பெறும் கம்ப்யூட்டர்கள் ஏராளம்.

தேதி திடீரென்று பல வருடம் பின்னால் போய்விட்டது, பேங்க் இணையதளம் 'பாதுகாப்பானதல்ல' என்று சொல்லித் திறக்க மறுக்கிறது என்றால் வைரஸ் என்று நினைக்க வேண்டாம். மதர்போர்டில் ஒட்டியிருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கும். சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

பத்து நிமிடம் ஓடியதும் தானாக அணைந்தால் சூடுதான் காரணமாக இருக்கும். ஃபேனில் படிந்த தூசியைத் தட்டுங்கள். ஆன் செய்தாலும் அசைவே இல்லை, கருகிய வாசனை வருகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் போயிருக்கலாம். அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

அடிக்கடி கரன்ட் போய்வரும் ஊரில் யுபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டாப் வைத்திருப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். நாள் முழுக்க வேலை செய்ய அது உதவாது, பத்து நிமிடத்தில் ஃபைலைச் சேமித்து மெஷினை முறையாக அணைக்க உதவும். டிஸ்கில் ஏதாவது பதிவாகிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போவதுதான் அதற்கு ஆபத்து. வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். கரன்ட் போய் அது எடுத்துக்கொள்ளும் இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடக்கூடும். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் மாற்றம் வேகமாக நடக்கும்.

டிஸ்கே போகும்போது

பழைய வகை ஹார்ட் டிஸ்குக்குள் காந்தப் பூச்சு பூசிய தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகின்றன. படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில், காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்பதோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு நெருக்கம் என்று புரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் அந்த முனை தட்டில் இடித்துக் கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்தது போனதுதான்.

நல்லவேளையாக, ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். ஒரு ஃபோல்டரைத் திறக்க நிமிடக்கணக்கில் ஆகும். காப்பி பாதியில் உறைந்து நிற்கும். நேற்றுவரை திறந்த போட்டோவில் இன்று பாதி சாம்பல் நிறமாக இருக்கும். 'டக்... டக்...' என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

இந்த அறிகுறிகளுக்கு முன்பே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. ஸ்மார்ட் என்ற பெயரில் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் ஓட்டினால் அதைக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நேரமாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் என்றால் அந்தப் பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்கள், படிக்க முடியாமல் தடுமாறும் இடங்கள் பற்றிய கணக்கு அது. பூஜ்யமாக இருக்க வேண்டியது ஏறிக்கொண்டே போனால் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு கிடையாது, விழுந்தாலும் அவ்வளவாக அடிபடாது. வேகமும் அதிகம். அதனால் சாகாது என்று நினைத்துவிட வேண்டாம். சத்தம் போடாமல் ஒரே நாளில் காணாமல் போவது அதன் சுபாவம். நேற்று மாலை ஓடியது, இன்று காலை, ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸிலேயே பெயர் தெரியாது. போதாததற்கு, ஒரு ஃபைலை அழித்தால் அந்த இடத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளும் டிரிம் என்ற வேலையும் பின்னணியில் நடக்கிறது. பழைய வகை ஹார்ட் டிஸ்கில் தவறுதலாக அழித்ததை மீட்பு மென்பொருள் வைத்துப் பல நேரம் எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை மிகக் குறைவு.

சரி, டிஸ்க் தடுமாறுகிறது. என்ன செய்வது? இங்கே செய்யக் கூடாதவைதான் அதிகம். ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருக்க வேண்டாம், ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் ஆயுள் தேய்கிறது. விண்டோஸ் தானாகச் செய்ய முன்வரும் செக் டிஸ்க் வேலையை நிறுத்துங்கள். அது டிஸ்க் முழுவதையும் உருட்டிப் புரட்டி, படிக்க முடியாததை வெட்டி எறிய முயலும். 'இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபிரீசரில் வைத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

டிஸ்க் இன்னும் படிக்கிறது என்றால் மொத்தத்தையும் காப்பி செய்யத் தொடங்காமல், எது போனால் திரும்ப வராதோ அதை முதலில் எடுங்கள். சினிமா, பாட்டு, மென்பொருள் எல்லாம் கடைசியில்தான். விண்டோஸே ஏறவில்லை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய உபுண்டு போன்ற லினக்ஸ் ஓ.எஸ். ஒன்றை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டி, ஃபைல்களை வேறு டிஸ்குக்கு மாற்றலாம். அல்லது டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி கேசிங் என்ற வெளிப்பெட்டியில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் செருகலாம். குச்சி மிட்டாய் போல நீளமாக இருக்கும் எம்.2 எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. கேசிங் வாங்கப் போகும்போது எஸ்எஸ்டியைக் கையோடு கொண்டு போய்க் காட்டுவது நல்லது. சில மெல்லிய லேப்டாப்களில் சேமிப்பு சிப்பை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கழற்ற வழியில்லை. அந்த மாதிரி மெஷினில் போர்டு போனால் ஃபைலும் போன மாதிரிதான்.

இதில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து அமைத்த விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் யாராலும் திறக்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் அந்த எண் இருக்கிறதா என்று இன்றே பார்த்து, ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் வைக்கும் ஃபைலில் வையுங்கள்.

கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முன்

நம்மூர் சர்வீஸ் கடைகளில் பாதி நோய்க்கு மருந்து ஃபார்மட்தான். "ஃபார்மட் போட்டு ஓ.எஸ். ஏத்தித் தரேன் சார், டேட்டா எதுவும் முக்கியமா?" என்று கேட்பார். நாமும் "டி டிரைவ்லதான் எல்லாம் இருக்கு" என்போம். ஆனால் டெஸ்க்டாப்பில் போட்டு வைத்தது, டவுன்லோட்ஸ், டாகுமெண்ட்ஸ், பிரவுசரின் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் சி டிரைவில் இருக்கின்றன. ஃபார்மட்டில் அவைதான் முதலில் போகும். கடை வைத்திருப்பவர்கள் டாலி கணக்கு எந்த ஃபோல்டரில் எழுதப்படுகிறது என்று டாலிக்குள்ளேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் பல நேரம் சி டிரைவில்தான் இருக்கும். 'என்னிடம் கேட்காமல் டிஸ்கில் எதையும் அழிக்க வேண்டாம்' என்று பில்லில் எழுதி வாங்கலாம். பழுது மதர்போர்டிலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோ இருந்தால், டிஸ்கை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு மெஷினை மட்டும் கொடுப்பது இன்னும் நல்லது.

'டக் டக்' சத்தம் வரும் டிஸ்க் சாதாரண சர்வீஸ் கடைக்கான வேலை அல்ல. தூசி வடிகட்டிய அறையில் திறந்து முனையை மாற்றும் டேட்டா ரெகவரி கூடங்கள் தனியாக இருக்கின்றன. செலவு பல ஆயிரங்களில் போகும், வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. அங்கே போவதாக முடிவு செய்தால் நடுவில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

இரண்டு நகலும் ஒரே காரணத்தால் சாகக் கூடாது

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டேட்டா சென்டர்களில் லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்குகளை ஓட்டுகிறது. அவற்றில் எத்தனை பழுதாகின்றன என்ற கணக்கைப் பல வருடமாக வெளியிட்டும் வருகிறது. அண்மைய ஆண்டுகளின் கணக்குப்படி வருடத்துக்கு 100 டிஸ்கில் ஒன்றிரண்டு சாகின்றன. குறைவுதானே என்று தோன்றும். ஒன்றரை என்று வைத்து ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 100க்கு ஏழெட்டு ஆகிறது. அதுவும் குளிரூட்டிய அறையில், சீரான கரன்ட்டில் ஓடும் டிஸ்குகள். நம் வீட்டில் அப்படியா?

இன்னொரு டிஸ்கில் நகல் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் சாகும் வாய்ப்பு மிக மிகக் குறைந்துவிடும். பேக்கப் என்பதன் கணக்கே இவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர ஒரு நிபந்தனை உண்டு: இரண்டும் வெவ்வேறு காரணத்தால் சாக வேண்டும். ஒரே காரணம் இரண்டையும் கொல்லுமென்றால் அது இரண்டு நகல் இல்லை.

இந்த ஒரு கேள்வியை வைத்தே எந்த ஏற்பாட்டையும் சோதித்துவிடலாம். சி டிரைவில் இருப்பதை டி டிரைவில் போட்டு வைப்பது பேக்கப்பா? ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்த பெயர்கள் அவை. டிஸ்க் போனால் இரண்டும் போகும். எக்ஸ்டர்னல் டிஸ்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருப்பது? கரன்ட் எகிறினால் இரண்டும் சேர்ந்து அடிபடலாம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் எல்லா டிஸ்கையும் சேர்த்துத்தான் பூட்டும். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை அந்த ரகம்தான். வீடுகளுக்கு வருபவை பெரும்பாலும் கிராக் செய்த மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. பேக்கப் முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டால் இந்த இரண்டு கவலையும் இல்லை.

கூகுள் டிரைவ், ஒன்ட்ரைவ் போன்றவற்றைப் பற்றி ஒரு பெரிய தவறான நம்பிக்கை உண்டு. கம்ப்யூட்டரோடு ஒத்திசைந்து ஓடும் அந்த ஃபோல்டரில், நீங்கள் இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே கெட்டுப்போன ஃபைல் அங்கேயும் போய் நல்லதன் மேல் உட்காரும். குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் இருக்கும், கூகுள் டிரைவில் 30 நாள். அதற்குள் கவனித்தால் தப்பிக்கலாம். டிஸ்க் பழுதுக்கு அது நல்ல காப்பு, நம் கைத்தவறுக்கு அரைக் காப்புதான்.

வெள்ளமும் இந்தக் கணக்கில் வரும். 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் நுழைந்தபோது, கம்ப்யூட்டர் மேசையில் இருந்தாலும் பேக்கப் டிஸ்க் அதே அறையின் பீரோவில் இருந்தாலும் வித்தியாசம் இல்லாமல் போனது. தீ, திருட்டு எல்லாம் அப்படித்தான். அதனால்தான் ஒரு நகல் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். பீட்டர் கிரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இதை 3-2-1 என்று சுருக்கிப் பரப்பினார். எந்த ஃபைலுக்கும் மொத்தம் 3 பிரதி, 2 வகை ஊடகத்தில், அதில் 1 வேறு இடத்தில்.

நடுத்தர வீட்டுக்கு இதை எப்படிப் பொருத்துவது? கம்ப்யூட்டரில் இருப்பது முதல் பிரதி. மாதம் ஒருமுறை, தேவையென்றால் வாரம் ஒருமுறை, செருகி எடுக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டாவது. மூன்றாவதற்கு இரண்டு வழி. முக்கியமானதை மட்டும் கூகுள் டிரைவ் போன்ற கிளவுடில் போடலாம். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1 முதல் போட்டோக்களும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. மொத்தத்தையும் ஏற்ற வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும், பொறுமையும் வேண்டும். 200 ஜிபி போட்டோவை விநாடிக்கு 20 மெகாபிட் அப்லோடு வேகத்தில் ஏற்ற ஏறக்குறைய ஒரு முழு நாள் பிடிக்கும். இன்னொரு வழி, இரண்டாவது எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றை அக்கா வீட்டில் வைத்துவிட்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது கையிலிருப்பதைக் கொடுத்து அங்கிருப்பதை வாங்கி வருவது. எனக்கென்னவோ குடும்ப போட்டோவுக்கு இந்த வழிதான் தோதாகப் படுகிறது. மாதச் சந்தா இல்லை, பாஸ்வேர்டு மறக்கும் கவலையும் இல்லை.

பென் டிரைவை ஃபைல் எடுத்துப் போக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வருடக்கணக்கில் பாதுகாக்க அது ஆகாது. எஸ்எஸ்டியையும் கரன்ட் கொடுக்காமல் பல வருடம் பீரோவில் போட்டு வைக்க வேண்டாம், ஃபைலைத் தாங்கும் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். பெட்டியில் தூங்கப் போகும் பேக்கப்புக்குப் பழைய வகை ஹார்ட் டிஸ்கே விலைக்கும் சரி, குணத்துக்கும் சரி. ஓடும்போது மட்டும் மேசை விளிம்பில் வைக்காதீர்கள். அந்தக் குட்டிக் கேபிளில் யாராவது கால் இடறினால் கதை முடிந்தது.

காப்பி செய்ய விசேஷ மென்பொருள் கட்டாயம் இல்லை. தேதி போட்ட ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி இழுத்துப் போட்டாலே போதும். தானாக நடக்க வேண்டுமென்றால் விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின் இருக்கின்றன. இரண்டும் ஒரு ஃபைலின் பழைய வடிவங்களையும் சேர்த்து வைக்கும்; போன வாரம் எப்படி இருந்ததோ அதை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் பேக்கப் என்ற பெயரிலேயே ஒரு செயலி இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது ஃபைல்களை ஒன்ட்ரைவுக்கு அனுப்பும் வேலையைத்தான் செய்கிறது, அங்கே இலவசம் 5 ஜிபிதான்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் இருந்தால் எழுத்துருக் கோப்பையும் பேக்கப்பில் போடுங்கள். ஃபார்மட் ஆகிப் புது விண்டோஸில் திறந்தால், அப்பா எழுதிய குடும்ப வரலாறு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். ஃபைல் பத்திரமாகத்தான் இருக்கும், படிக்கத்தான் முடியாது. நேரம் இருக்கும்போது, தனி எழுத்துரு இல்லாமலே படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றிவைப்பது இன்னும் உத்தமம்.

பேக்கப் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பதற்கு முன் ஒருமுறை அதிலிருந்து திரும்ப எடுத்துப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். ஐந்து விதக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவுமே ஒழுங்காக வேலை செய்யவில்லை. தினசரி பேக்கப் ஓடவே இல்லை, அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாகக் கையால் எடுத்து வைத்திருந்த, ஆறு மணி நேரம் பழைய ஒரு நகல்தான் காப்பாற்றியது. மென்பொருள் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே அந்தக் கதி. நாம் செய்ய வேண்டிய சோதனை சின்னது. பேக்கப் டிஸ்கை உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாமல் வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஆங்காங்கே நாலைந்து போட்டோ, ஒரு வீடியோ, ஒரு கணக்கு ஃபைலைத் திறந்து பார்க்க வேண்டும். பெயர் தெரிந்தால் போதாது, திறக்க வேண்டும்.

கடைசியாகச் செத்துப்போன டிஸ்க். வாரண்டி இருந்தால் புதியது தருவார்கள், காலியாகத் தருவார்கள். பழையது திரும்பி வராது. அதில் இருப்பது முக்கியம் என்றால் வாரண்டியை மறந்துவிட்டு ரெகவரிக்குத்தான் போக வேண்டும். வேண்டாத டிஸ்கை எடைக்குப் போடும்போது ஃபார்மட் செய்தோமே என்று நம்பாதீர்கள். சட்டென்று முடியும் குவிக் ஃபார்மட் பட்டியலை மட்டும் அழிக்கும், உள்ளே ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் அப்படியே கிடக்கும். ஓடுகிற ஹார்ட் டிஸ்க் என்றால் முழு ஃபார்மட் போட்டு மேலெழுதுங்கள். ஓடாததை டிரில்லால் தட்டுவரை துளையிடுங்கள். எஸ்எஸ்டியில் கறுப்புச் சதுரமாக இருக்கும் சிப்புகள் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும், ஒன்றிரண்டு தப்பினால் அதிலிருப்பதும் தப்பிவிடும். அப்புறம் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுக்கலாம்.